வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும்போது, ஜி புரதத்தின் எந்தத் துண்டு பொட்டாசியம் கால்வாயைத் திறக்கிறது?

கேள்வி: உயிர்வேதியியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டில் செல் சமிக்ஞைப் பாடம் படித்து வருகிறேன். ஜி புரதங்களைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தரப்படும் வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. ஹார்மோன் ஏற்பியில் வந்து சேர்கிறது, ஜி புரதத்தின் ஆல்ஃபா துணை அலகு தன்னிடமிருந்த குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு ட்ரைபாஸ்பேட்டைப் பற்றிக்கொள்கிறது, பிறகு அது பீட்டா-காமா இணையிடமிருந்து பிரிந்து, அடினைலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுகிறது அல்லது தடுக்கிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறின் அளவு மாறுகிறது, அதைத் தொடர்ந்து கைனேஸ் நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. இந்த வரிசையில் பீட்டா-காமா இணைக்கு ஆல்ஃபாவைச் சவ்வில் நிறுத்திவைப்பதைத் தவிர வேறு பணி எதுவும் சொல்லப்படுவதில்லை.

ஆனால் இதயத்தைப் பற்றிப் படிக்கும்போது, வேகஸ் நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் ஒரு துடிப்பு அல்லது இரண்டு துடிப்புக்குள்ளாகவே இதயத்தை மெதுவாக்கிவிடுகிறது என்றும், அங்கே ஜி புரதம் எந்த இடைத்தூதுவரும் இல்லாமல் பொட்டாசியம் கால்வாயை நேரடியாகத் திறக்கிறது என்றும் இருக்கிறது. எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, இடையில் தூது மூலக்கூறு எதுவும் இல்லை என்பதை எந்தச் சோதனையால் உறுதிப்படுத்தினார்கள்? இரண்டாவது, கால்வாயைத் திறப்பது ஆல்ஃபாவா, பீட்டா-காமாவா? எங்கள் துறையில் கைமாறி வரும் பழைய குறிப்பு ஒன்றில் ஆல்ஃபா என்றும், புதிய நூல்களில் பீட்டா-காமா என்றும் இருக்கிறது. மூன்றாவதுதான் என்னை மிகவும் குழப்புகிறது. அட்ரினலின் தூண்டும், அடினைலேட் சைக்ளேஸை ஊக்குவிக்கும் ஜி-எஸ் புரதமும் பிரியும்போது பீட்டா-காமாவை வெளியிடுகிறது அல்லவா? அப்படியானால் அட்ரினலினும் அதே பொட்டாசியம் கால்வாயைத் திறந்து இதயத்தை மெதுவாக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. ஏன்?

மறுமொழி 1: உடலியங்கியல் ஆசிரியர்

மூன்றாவது கேள்வி ஆய்வாளர்களையே நீண்ட காலம் தடுமாற வைத்தது. அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டும் தெளிவானால்தான் மூன்றாவதன் கனம் புரியும்.

கதை 1921-இல், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தொடங்குகிறது. ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த கரைசலை எடுத்து இன்னொரு இதயத்தில் இட்டபோது, இரண்டாவதும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பதற்கு அதுவே சான்றானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1936-இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1950-களில் டெல் காஸ்டியோ, காட்ஸ், ஹட்டர், டிராட்வைன் ஆகியோரின் அளவீடுகள், அசிட்டைல்கோலின் இதயச் செல்லின் உட்புற மின்னழுத்தத்தை மேலும் எதிர்க்குறியாக்குகிறது என்பதையும், சவ்வின் வழியே பொட்டாசியம் கடந்து செல்வது கூடுவதே அதற்குக் காரணம் என்பதையும் காட்டின. ஆகவே என்ன நடக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஏற்பியிலிருந்து கால்வாய்க்குச் செய்தி எப்படிப் போகிறது என்பது தெரிய மேலும் 30 ஆண்டுகள் ஆயின.

உங்கள் முதல் கேள்விக்கான விடை ஒரு கண்ணாடி நுண்குழாயின் நுனியில் இருக்கிறது. பேட்ச் கிளாம்ப் முறையில், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள அந்த நுனியைச் செல்லின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சினால், கண்ணாடியும் சவ்வும் மின்கசிவே இல்லாத அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் குழாய்க்குள் உள்ள கரைசல் வேறு, வெளியே செல்லைச் சூழ்ந்துள்ள கரைசல் வேறு; இரண்டும் கலப்பதில்லை. 1984-இல் சொயெஜிமாவும் நோமாவும் முயல் இதயத்தின் மேலறைச் (ஏட்ரியச்) செல்களில் இந்த நிலையைப் பயன்படுத்தினர். அசிட்டைல்கோலினை வெளிக்கரைசலில் சேர்த்தபோது, செல்லின் மற்ற பரப்பில் இருந்த ஏற்பிகள் அனைத்தும் தூண்டப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் நுனிக்கு அடியில் இருந்த கால்வாய்களின் செயல் கூடவில்லை. அதே பொருளைக் குழாய்க்குள் வைத்தபோது அந்தக் கால்வாய்கள் திறந்தன. செல்லின் உள்நீர்மத்தில் கரைந்து பரவும் தூதுவர் ஒன்று இருந்திருந்தால், வெளியே தூண்டப்பட்ட ஏற்பிகளின் செய்தி நுனிக்கு அடியிலும் வந்து சேர்ந்திருக்கும். இதே இதயத்தின் கால்சியம் கால்வாய்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே சைக்ளிக் ஏ.எம்.பி. வழியாகச் செய்தி போவதால், அட்ரினலின் வகைப் பொருளை வெளிக்கரைசலில் சேர்த்தாலும் நுனிக்கு அடியில் உள்ள கால்சியம் கால்வாய்களின் செயல் கூடுகிறது. ஆகவே பொட்டாசியம் கால்வாய்க்கான செய்தி சவ்வைவிட்டு இறங்காமலே, அருகிலிருக்கும் ஏற்பியிலிருந்து வருகிறது.

அந்தச் செய்தியைச் சுமப்பது ஜி புரதம் என்பதை அடுத்த ஆண்டே, 1985-இல், இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. ஃபாஃபிங்கர், ஹில்லெ முதலியோர் கோழிக் கருவின் ஏட்ரியச் செல்களில், உள்ளே குவானோசின் ட்ரைபாஸ்பேட் இல்லாவிட்டால் அசிட்டைல்கோலின் பயனற்றுப் போவதையும், கக்குவான் இருமல் பாக்டீரியாவின் நச்சு ஏற்பிக்கும் கால்வாய்க்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடுவதையும் கண்டனர். அந்த நச்சு, அடினைலேட் சைக்ளேஸைத் தடுக்கும் ஜி-ஐ குடும்பத்தின் ஆல்ஃபாவில் உள்ள ஒரு சிஸ்டீனை மாற்றி, அது ஏற்பியோடு சேரவிடாமல் செய்துவிடும். பிரைட்வீசரும் சாபோவும் காளைத் தவளைச் செல்களுக்குள், நீராற்பகுக்க முடியாத ட்ரைபாஸ்பேட் போலி ஒன்றைச் செலுத்தினர். அசிட்டைல்கோலினை ஒருமுறை கொடுத்துக் கழுவி எடுத்த பிறகும் மின்னோட்டம் அணையவே இல்லை. திறப்பது ட்ரைபாஸ்பேட் பிடித்த ஜி புரதம், அணைப்பது அதன் நீராற்பகுப்பு என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 1987-இல் லோகோதெட்டிஸ், குராச்சி, நீர், கிளாப்ஹாம் முதலியோர், மாட்டு மூளையிலிருந்து தூய்மைப்படுத்திய பீட்டா-காமாவைக் கிழித்தெடுத்த சவ்வுத்துண்டின் உட்பக்கத்தில் இட்டபோது கால்வாய்கள் திறந்தன என்று அறிவித்தனர். அதே ஆண்டில் பிரௌன், பிர்ன்பாமர் குழுவினர், தூண்டப்பட்ட ஆல்ஃபாவை மிகக் குறைந்த செறிவில் இட்டாலே கால்வாய் திறக்கிறது என்று வெளியிட்டனர். ஆல்ஃபாதான் செய்தியைச் சுமக்கும், பீட்டா-காமா அதன் துணை என்பதே அன்றைய பொதுக்கருத்து என்பதால், பலருக்கு இரண்டாவது முடிவே இயல்பாகத் தோன்றியது. உங்கள் பழைய குறிப்பு அந்தக் காலத்தின் எச்சம். தயாரிப்பில் கலந்திருந்த சலவைப்பொருளின் விளைவா, ஒன்றோடொன்று கலந்த மாசா என்று இரு தரப்பும் பல ஆண்டுகள் வாதிட்டன. அந்த வாதத்தைத் தீர்த்துவைத்தது மூலக்கூறு உயிரியல். 1993-இல் இந்தக் கால்வாயின் மரபணு தனியே பிரித்துப் படியாக்கம் (குளோனிங்) செய்யப்பட்டது. கால்வாயையும் பீட்டா-காமாவையும் தவளை முட்டைச் செல்லில் சேர்த்து உருவாக்கியபோது, ஏற்பியைத் தூண்டாமலே கால்வாய் திறந்து நின்றது. மூளையிலிருந்து பிரித்தெடுக்காமல், ஆய்வகத்தில் மரபணு வழியாகத் தயாரித்த பீட்டா-காமாவும் 1994-இல் அதையே செய்தது. பீட்டா-காமா நேரடியாக இயக்கும் இலக்கு என்று முதலில் அறியப்பட்டது இந்தக் கால்வாய்தான். ஆகவே தேர்வில் தயங்காமல் பீட்டா-காமா என்றே எழுதுங்கள்.

உயிர்வேதியியல் மாணவி

மிக்க நன்றி ஐயா. வெளிக்கரைசலையும் குழாய்க்கரைசலையும் பிரித்துப் பார்த்த சோதனை இப்போது தெளிவாகப் புரிகிறது. இடையில் இன்னொரு ஐயம் எழுகிறது. இந்தக் கால்வாய் உள்நோக்கித் திருத்தும் வகையைச் சேர்ந்தது, அதாவது பொட்டாசியத்தை வெளியே விடுவதைவிட உள்ளே விடுவதையே எளிதாகச் செய்யும் என்று படித்தேன். அப்படிப்பட்ட கால்வாய் திறந்தால் பொட்டாசியம் உள்ளே வந்து செல்லைத் தூண்ட அல்லவா வேண்டும்? அது எப்படி இதயத்தை அமைதிப்படுத்துகிறது?

மறுமொழி 2: சவ்வு இயற்பியல் ஆய்வாளர்

இந்த இடத்தில் பெரும்பாலான மாணவர்கள் தடுக்கி விழுவது, கால்வாயின் இயல்பையும் செல்லின் நிலைமையையும் ஒன்றாகக் கருதிவிடுவதால்தான். பொட்டாசியம் செல்லுக்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல், வெளியே 4 அல்லது 5 மில்லிமோல். இந்த ஏற்றத்தாழ்வுக்கு உரிய சமநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 90 மில்லிவோல்ட். அதற்கும் கீழே போனால்தான் பொட்டாசியம் உள்ளே பாயும். உயிருள்ள செல் இயல்பாக அந்த அளவுக்குக் கீழே போவதில்லை. ஆகவே உடலில் இந்தக் கால்வாய் கடத்துவது எப்போதும் வெளிநோக்கிய மின்னோட்டத்தையே. உள்நோக்கித் திருத்துதல் என்பது, மின்னழுத்தம் ஏற ஏற மக்னீசியம் அயனியும் ஸ்பெர்மின் போன்ற பாலிஅமீன்களும் உள்ளிருந்து வந்து துளையை அடைத்துவிடுவதால், வெளியே செல்லும் ஓட்டம் குன்றிவிடுகிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. செல் அமைதியாக இருக்கும் நிலையில் இந்தக் கால்வாய் அதை மேலும் அமைதியாக்கும். முழுமையான செயல்மின்னழுத்தம் ஒன்று தொடங்கிவிட்டால் அதற்குக் குறுக்கே நிற்காமல் விலகிக்கொள்ளும். இதைக் குறையாகப் பார்க்காமல் அமைப்பின் நேர்த்தியாகவே நான் பார்க்கிறேன்.

இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணுவின் செல்களில் இதன் செல்வாக்கு பெரிது. துடிப்புகளுக்கு இடையில் அங்கே மின்னழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட் அளவிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, அடுத்த துடிப்பு கிளம்பும் எல்லையைத் தொடுகிறது. கீழறைத் (வெண்ட்ரிக்கிள்) தசையில் ஓய்வு மின்னழுத்தத்தைப் பிடித்துவைக்கும் பொட்டாசியம் மின்னோட்டம் அங்கே மிகக் குறைவு. ஏற்றத்தை நடத்தும் நிகர மின்னோட்டமும் சில பிக்கோஆம்பியர் அளவுதான். அவ்வளவு சிறிய ஓட்டத்தை எதிர்க்க ஒருசில கால்வாய்கள் திறந்தாலே போதும். ஏற்றம் ஆழத்திலிருந்து தொடங்குகிறது, சாய்வும் குறைகிறது, அடுத்த துடிப்பு தள்ளிப்போகிறது.

கால்வாயின் உடலமைப்பையும் சொல்லிவிடுகிறேன். கிர்க் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் குடும்பத்தில் நான்கு வகைத் துணை அலகுகள் உள்ளன. 1995-இல் கிராப்பிவின்ஸ்கி முதலியோர் காட்டியபடி, இதயத்தில் இருப்பது கிர்க்-1, கிர்க்-4 இரண்டும் கலந்த நான்கலகுக் கால்வாய். மூளையில் கிர்க்-2 முதன்மையானது. காபா-பி ஏற்பி, ஓபியாய்டு ஏற்பி முதலியவை நரம்புச் செல்களை அடக்குவதில் ஒரு பெரும்பங்கு இந்தக் கால்வாய் வழியாகவே நடக்கிறது. 2013-இல் வோர்ட்டனும் மெக்கின்னனும் கிர்க்-2 கால்வாயும் பீட்டா-காமாவும் சேர்ந்த படிக அமைப்பை 3.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டனர். ஒரு கால்வாயின் கீழ்ப்பகுதியைச் சுற்றி நான்கு பீட்டா-காமாக்கள், அடுத்தடுத்த துணை அலகுகள் சந்திக்கும் இடங்களுக்கு அருகில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை ஒட்டும்போது, சைட்டோபிளாசத்தில் தொங்கும் பகுதி சவ்வுக்குள் இருக்கும் பகுதியைப் பொறுத்துச் சற்றே சுழல்கிறது; அந்தச் சுழற்சி துளையின் கீழ்வாயைத் திறக்கும் திசையில் இழுக்கிறது. இன்னொரு செய்தியும் அந்த அமைப்பில் தெரிந்தது. கால்வாயைத் தொடும் பீட்டாவின் பரப்பும், ஓய்வு நிலையில் ஆல்ஃபா ஒட்டியிருக்கும் பரப்பும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஆல்ஃபா திரும்பி வந்து சேர்ந்துவிட்டால் பீட்டா-காமாவால் கால்வாயைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அணைப்பதற்கென்று தனியாக வேறு பொறி தேவைப்படாததன் காரணம் இதுதான்.

ஆனால் பீட்டா-காமா மட்டும் போதாது என்பதை மறந்துவிடக் கூடாது. சவ்வின் உள்ளடுக்கில் உள்ள பிப்-2 என்ற பாஸ்ஃபோயினோசிட்டைடு கொழுப்பு இல்லாவிட்டால் இந்தக் கால்வாய் திறக்காது. 1998-இல் ஹுவாங், ஃபெங், ஹில்கமன் மூவரும் காட்டியபடி, பீட்டா-காமாவின் வேலையில் ஒரு பகுதி கால்வாயை அந்தக் கொழுப்போடு உறுதியாகப் பிணைத்துவைப்பதுதான். எனவே வேறொரு ஏற்பி ஜி-கியூ வழியாக ஃபாஸ்ஃபோலைபேஸ்-சி நொதியைத் தூண்டி பிப்-2-ஐச் சிதைத்துவிட்டால், கிர்க் கால்வாய் மூடிக்கொள்கிறது. நரம்புச் செல்களில் எம்-மின்னோட்டம் எனப்படும் வேறொரு பொட்டாசியம் மின்னோட்டத்தை அசிட்டைல்கோலின் அணைப்பதும் இதே வழியில்தான். ஒரே நரம்புக் கடத்தி, ஒரே அயனி. இடையில் உள்ள ஜி புரதம் மாறியதால் விளைவும் தலைகீழாகிறது. கிர்க்-2, கிர்க்-4 இரண்டும் உள்ளே சேரும் சோடியம் அயனியாலும் ஊக்கம் பெறுகின்றன.

மறுமொழி 3: அவசரப்பிரிவு மருத்துவர்

சோதனைச்சாலையில் கண்டறிந்த இந்தக் கால்வாயை நாங்கள் நோயாளியின் படுக்கையருகே நின்று பார்க்கிறோம் என்பதால் சில வரிகள் சேர்க்க விரும்புகிறேன். ஏட்ரியத்துக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ள கணுவின் வழியாக மின்னலை வட்டமடிப்பதால் நிமிடத்துக்கு 180 அல்லது 200 துடிப்புகளோடு வருபவர்களுக்கு, அடினோசின் 6 மில்லிகிராமைச் சிரையில் வேகமாகச் செலுத்தி, உடனே உப்புநீரால் அதைத் தள்ளிவிடுவோம். அடங்காவிட்டால் 12 மில்லிகிராம். அடினோசின் ஏ-1 ஏற்பியில் சேர்கிறது. அதுவும் ஜி-ஐ குடும்பத்தையே பிடித்து, அசிட்டைல்கோலின் திறக்கும் அதே பொட்டாசியம் கால்வாய்களைத் திறக்கிறது. இ.சி.ஜி. தாளில் நெருக்கமாக ஓடிக்கொண்டிருந்த கூர்முனைகள் நின்று, சில நொடிகள் கோடு ஏறத்தாழ நேராகவே ஓடும். நோயாளி நெஞ்சை அழுத்துவதாகச் சொல்வார். பிறகு இயல்பான துடிப்பு ஒன்று எழும், அடுத்தது எழும். இரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 நொடிக்கும் குறைவு என்பதால்தான் இது பாதுகாப்பாக முடிகிறது. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் ஆகியவை அடினோசின் ஏற்பியை அடைத்துவிடுவதால், அவற்றை உட்கொண்டவரிடம் மருந்தின் வேகம் குறையும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிராமப்புறங்களிலிருந்து வரும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி நச்சு நேர்வுகளில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி முடங்கிவிடுவதால், அது இதயத்தில் தனக்குரிய எம்-2 ஏற்பிகளின் மேல் தேங்கி நின்று இதயத்தைக் கட்டிப்போடுகிறது. அட்ரோப்பின் அந்த ஏற்பியைத்தான் அடைக்கிறது. கால்வாயையோ ஜி புரதத்தையோ அது தொடுவதில்லை. மேலே ஆசிரியர் விளக்கிய வரிசையின் முதல் படியை மூடிவிட்டால், அடுத்த படிகள் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

ஆய்வாளரிடம் ஒரு கேள்வி. எங்கள் பகுதியில் மஞ்சள் அரளி விதையை உட்கொண்டு வருபவர்களிடமும் மிக மெதுவான துடிப்பைக் காண்கிறோம். அந்தக் கிளைக்கோசைடுகள் சோடியம்-பொட்டாசியம் பம்பை நிறுத்தி, செல்லுக்குள் சோடியத்தைத் தேங்கச் செய்கின்றன. நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட சோடியம் ஊக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சவ்வு இயற்பியல் ஆய்வாளர்

நல்ல கேள்வி, டாக்டர். 1990-களில் லோகோதெட்டிஸின் குழு, உள்ளே ஏறும் சோடியம் ஜி புரதத்தின் துணையின்றியே இந்த இதயக் கால்வாயை ஊக்குவிக்கிறது என்று காட்டியபோது, இதயக் கிளைக்கோசைடுகளின் விளைவில் இதற்கும் பங்கிருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தது. ஆனால் அரளி நச்சில் வேகஸ் நரம்பின் ஊக்கம், கால்சியம் தேக்கம், இரத்தப் பொட்டாசியம் ஏற்றம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதால், மெதுவான துடிப்பு முழுவதையும் ஒரு கால்வாயின் கணக்கில் எழுதிவிட முடியாது.

மறுமொழி 4: உடலியங்கியல் ஆசிரியர்

இனி மாணவியின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அட்ரினலின் ஏன் இந்தக் கால்வாயைத் திறப்பதில்லை? ஜி-எஸ் பிரியும்போது வெளிவரும் பீட்டா-காமாவும், ஜி-ஐ பிரியும்போது வெளிவரும் பீட்டா-காமாவும் ஏறத்தாழ ஒரே பொருள்தான். ஆய்வகத்தில் எந்தவகைப் பீட்டா-காமாவை இட்டாலும் பெரும்பாலும் கால்வாய் திறக்கிறது. ஆகவே வேறுபாட்டை மூலக்கூறின் அடையாளத்தில் தேடிப் பயனில்லை.

நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம் அண்மையைப் பற்றியது. எம்-2 ஏற்பி, ஜி-ஐ, கால்வாய் மூன்றும் முன்கூட்டியே ஒரே கூட்டமாகச் சவ்வில் அமர்ந்திருக்கின்றன, அட்ரினலின் வந்து சேரும் பீட்டா அட்ரினெர்ஜிக் ஏற்பி (சுருக்கமாகப் பீட்டா ஏற்பி) அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்பது அதன் சாரம். இதற்கு ஆதரவான சோதனைகளும் உண்டு. ஆனால் 2018-இல் டௌஹாராவும் மெக்கின்னனும் வெளியிட்ட அளவீடுகள் என்னை வேறு பக்கம் சாய்த்துவிட்டன. எம்-2 ஏற்பி ஒரு ஜி-ஐ மூலக்கூறைத் தூண்டி அனுப்பிவிட்டு அடுத்ததைப் பிடிக்கும் வேகம், பீட்டா ஏற்பி ஜி-எஸ்ஸைக் கையாளும் வேகத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டனர். தொட்டி ஒன்றில் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பது, குழாயிலிருந்து நீர் வரும் வேகத்தையும் வடிகாலில் போகும் வேகத்தையும் சேர்த்தே முடிவாகும் அல்லவா? இங்கே வடிகால் என்பது, ட்ரைபாஸ்பேட்டை நீராற்பகுத்த ஆல்ஃபா திரும்பி வந்து பீட்டா-காமாவோடு சேர்ந்துகொள்வது. அது எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. எம்-2 வேகமாக ஊற்றுவதால் கால்வாயைச் சுற்றிப் பீட்டா-காமாவின் செறிவு உயர்கிறது. பீட்டா ஏற்பி மெதுவாக ஊற்றுவதால் அந்தச் செறிவு தேவையான மட்டத்தை எட்டுவதில்லை.

இதோடு, ஆய்வாளர் மேலே சொன்ன நான்கு பீட்டா-காமாக்களைச் சேர்த்துப் பாருங்கள். கிர்க்-2 கால்வாயில் 2016-இல் மெக்கின்னன் குழு அளந்தபடி, நான்கும் ஒன்றையொன்று துணைசெய்து ஒட்டுகின்றன. நான்கு இடங்களும் நிரம்பும்போதே கால்வாய் நன்றாகத் திறக்கிறது. அப்படிப்பட்ட கால்வாய், செறிவு கொஞ்சம் உயர்ந்தால் கொஞ்சம் திறப்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ அசையாமல் இருந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று திறக்கிறது. அட்ரினலின் வெளியிடும் சிறிதளவு பீட்டா-காமா இந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. ஆனால் ஜி-எஸ்ஸின் ஆல்ஃபா தூண்டும் அடினைலேட் சைக்ளேஸ் ஒரு நொதி. ஒவ்வொரு மூலக்கூறும் பல சைக்ளிக் ஏ.எம்.பி.யை உண்டாக்கிப் பெருக்குவதால், அந்தப் பாதைக்கு மெதுவான ஊற்றே போதுமானது. பெருக்கம் இல்லாத நேர்ப்பாதைக்கு வேகமான ஏற்பியும், பெருக்கம் உள்ள பாதைக்கு மெதுவான ஏற்பியும் அமைந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

வடிகாலின் வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தூய்மைப்படுத்திய ஜி-ஐ ஆல்ஃபா தனியாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஒருசில ட்ரைபாஸ்பேட்டுகளை மட்டுமே நீராற்பகுக்கிறது. அந்தக் கணக்கில், வேகஸ் நரம்பு ஓய்ந்த பிறகும் இதயம் பல நொடிகள் மெதுவாகவே துடித்துக்கொண்டிருக்க வேண்டும்; உண்மையில் மின்னோட்டம் ஒரு நொடி அளவிலேயே அடங்கத் தொடங்குகிறது. ஆர்.ஜி.எஸ். எனப்படும் புரதக் குடும்பம் ஆல்ஃபாவின் நீராற்பகுப்பை விரைவுபடுத்துவதே இதற்குக் காரணம். 1997-இல் டௌப்னிக், லெஸ்டர், கொஃபூஜி முதலியோர் தவளை முட்டைச் செல்லில் கால்வாயோடு ஆர்.ஜி.எஸ். புரதத்தையும் சேர்த்தபோதுதான், உண்மையான இதயச் செல்லில் காணும் வேகம் அங்கேயும் வந்தது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைவதும் வெளிவிடும்போது மெதுவாவதும் நமக்கு நாடித்துடிப்பிலேயே தெரிகிறதே, அப்படித் துடிப்புக்குத் துடிப்பு மாற முடிவது திறப்பதும் மூடுவதும் இவ்வளவு விரைவாக நடப்பதால்தான்.

மறுமொழி 5: மருந்தியல் ஆராய்ச்சி மாணவர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் வேகஸ் நரம்பின் வேலை முழுவதும் பொட்டாசியம் கால்வாய் வழியாகவே நடக்கிறது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. 1989-இல் டிஃபிரான்செஸ்கோவும் உடன் உழைத்தவர்களும், அசிட்டைல்கோலினின் மிகக் குறைந்த செறிவுகளில் முதலில் அடங்குவது சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சார்ந்திருக்கும் இதயமுடுக்கி மின்னோட்டம் என்றும், பொட்டாசியம் கால்வாய் திறக்க அதைவிட ஏறத்தாழ 20 மடங்கு செறிவு தேவைப்படுகிறது என்றும் காட்டினர். மறுபுறம், கிர்க்-4 மரபணுவை நீக்கிய எலிகளை 1998-இல் விக்மன், கிளாப்ஹாம் முதலியோர் ஆராய்ந்தபோது, ஓய்வுநிலைத் துடிப்பு ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. துடிப்புக்குத் துடிப்பு நேரும் விரைவான ஏற்ற இறக்கம்தான் குன்றியது. வேகஸ் தூண்டலால் வரும் மெதுவாக்கத்தில் பாதியளவு குறைந்தது. ஆக, மாணவி படித்த ஆல்ஃபா பாதையும் பொய்யில்லை. எம்-2 ஏற்பியில் ஒரே நேரத்தில் இரு பாதைகளும் தொடங்குகின்றன: விரைந்த பகுதியைப் பீட்டா-காமா பொட்டாசியம் கால்வாய் வழியாகச் செய்கிறது; மெல்ல வந்து நிலைக்கும் பகுதியில் ஜி-ஐ புரதத்தின் ஆல்ஃபா சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் குறைத்துத் தன் பங்கைச் செய்கிறது.

உயிர்வேதியியல் மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஆல்ஃபா ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரே ஏற்பியிலிருந்து இரு துண்டுகளும் தனித்தனி வேலைக்குச் செல்கின்றன என்பது பெரிய தெளிவைத் தந்தது. கடைசியாக ஒன்று கேட்கிறேன். இந்தக் கால்வாயே பழுதானால் மனிதருக்கு என்ன நேரும்? கருத்தரங்கில் இதைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 6: சவ்வு இயற்பியல் ஆய்வாளர்

கருத்தரங்குக்கு ஒரே அமினோ அமிலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியத்தை மட்டும் கடக்கவிடும் வடிப்பானில் கிளைசின், டைரோசின், கிளைசின் என்று மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக உள்ளன. வீவர் என்னும் எலி வகையில், கிர்க்-2 கால்வாயின் 156-ஆம் இடத்தில் உள்ள முதல் கிளைசின் செரினாக மாறியிருப்பதை 1995-இல் கண்டறிந்தனர். வடிப்பான் தளர்ந்து சோடியமும் உள்ளே வருவதால், சிறுமூளையின் சிறுமணிச் செல்கள் வளர்ச்சிக் காலத்திலேயே மடிகின்றன. எலி தள்ளாடி நடக்கிறது.

கிர்க்-4 கால்வாயில் அதே கிளைசின் 151-ஆம் இடத்தில் வருகிறது. இந்த அலகு இதயத்தில் மட்டும் இல்லை. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வெளியடுக்கிலும் இருக்கிறது. 2011-இல் லிஃப்டனின் குழு, ஆல்டோஸ்டிரோனை மிகையாகச் சுரக்கும் 22 அட்ரினல் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் 8 கட்டிகளில் கிர்க்-4 மரபணு மாறியிருப்பதைக் கண்டது. சிலவற்றில் 151-ஆம் இடத்துக் கிளைசின் ஆர்ஜினினாகவும், மற்றவற்றில் 168-ஆம் இடத்து லியூசின் ஆர்ஜினினாகவும் மாறியிருந்தன. சோடியம் கசிந்து உள்ளே வருவதால் செல்லின் மின்னழுத்தம் ஏறுகிறது, கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன, ஆல்டோஸ்டிரோன் உற்பத்தி கூடுகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. இந்த மாற்றம் பெரும்பாலும் கட்டியின் செல்களில் மட்டுமே இருக்கும். நோயாளியின் பிற திசுக்களில் இராது என்பதால் இதயத்தில் உள்ள கால்வாய் இயல்பாகவே இயங்கும். கட்டி ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் இருப்பது உறுதியானால், அந்தச் சுரப்பியை அறுவை செய்து அகற்றுவதே சிகிச்சை.